ஹாலில் நிற்கும் பனை

மக்கா, அடுத்த வாரம் நீயும் மீராவும் குட்டியும் புனே வீட்டைக் காலி செய்துவிட்டு இங்கே வந்துவிடுவீர்கள். கிழக்கேகோட்டைச் சந்தில் இந்த மாடி வீட்டுக்குள் மறுபடியும் மூன்று பேர் புழங்கப்போகிறார்கள் என்று நினைக்கும்போதே எனக்கு மூச்சு இலேசாக வருகிறது. மீரா போனில் ஒரே ஒரு விஷயம்தான் கேட்டாள். "மாமா, ஹாலில நிக்கிற அந்த உயரச் செடிய என்ன செய்யட்டும்? குட்டி பிடிச்சு இழுத்திருவாளோன்னு பயமா இருக்கு. ஆருக்காவது குடுத்துரலாமா?" யோசித்துச் சொல்கிறேன் என்றேன். மூன்று நாளாக யோசித்தேன். யோசித்ததைப் போனில் சொல்ல வாய் வராது என்று தெரிந்த பிறகுதான் எழுத உட்கார்ந்தேன். அடுத்த பத்தி செடியைப் பற்றியது. அதை மீராவிடம் காட்டு. அதற்குப் பிறகு வருவதை நீ மட்டும் படி. காட்டலாமா வேண்டாமா என்று நீயே முடிவு செய்துகொள்.

அது இப்போது எட்டடிக்கு மேல் இருக்கிறது. ஆனால் தண்டு என் கட்டைவிரல் பருமன்தான். வெளிச்சம் போதாத வீட்டில் வளர்ந்ததால் உயரம் ஏறியதே தவிர உடம்பு ஏறவில்லை. இனி ஏறவும் செய்யாது. இந்த இனத்தின் தண்டு ஒருமுறை மெலிந்து வளர்ந்துவிட்டால் பிறகு பருக்காது என்று நர்சரிக்காரர் சொல்லியிருக்கிறார். அதனால் இரண்டு பக்கமும் மூங்கில் குச்சி நட்டு, பழைய வேட்டித் துணியைக் கிழித்து, 8 என்ற எண்ணை எழுதுவதுபோலச் சுற்றிக் கட்டியிருக்கிறேன். கம்பியோ பிளாஸ்டிக் கயிறோ கட்டாதீர்கள், தண்டை அறுத்துவிடும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை துணியை அவிழ்த்துத் தளர்த்திக் கட்ட வேண்டும். மண்ணில் விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர் ஊற்றுங்கள். மழைக்காலத்தில் பத்து நாளுக்கு ஒரு தடவை போதும். தட்டில் தேங்கும் தண்ணீரை உடனே கொட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் வேர் அழுகும், கொசுவும் வரும். ஓலையை ஈரத்துணியால் துடையுங்கள். நுனி பழுத்தால் கத்தரிக்கலாம், ஆனால் உச்சிக் குருத்தை ஒருபோதும் வெட்டாதீர்கள். அதற்கு இருப்பது ஒரே குருத்து, அது போனால் மொத்தமும் போய்விடும். நகர்த்துவதாக இருந்தால் தொட்டியைப் பிடித்துத்தான் நகர்த்த வேண்டும். தண்டைப் பிடிக்கவே கூடாது.

இனி உனக்கு. அது வீட்டுக்கு வந்தபோது உனக்கு ஏழு வயது, செடி உன் இடுப்பளவு இருந்தது. உன் அம்மா தம்பானூரில் அவள் ஆபீஸுக்குப் பக்கத்தில் வாங்கி, ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். கடையில் 'இண்டோர் பாம்' என்றார்களாம். நீ பனை என்றாய், அதுவே பெயராகிவிட்டது. நான் அப்போது டிராஃப்ட்ஸ்மேன். எனக்கும் அவளுக்கும் வேலை முடிந்து வீடு வர ஐந்தரை ஆகும். நீ பள்ளிக்கூடம் விட்டு மூன்றே முக்காலுக்கு வந்து, கழுத்தில் தொங்கும் சாவியால் கதவைத் திறந்து, தனியாக உட்கார்ந்திருப்பாய். ஒருநாள் அடுப்பைப் பற்றவைத்துப் பார்த்துவிட்டாய். அன்றைக்கு நான் உன்னைப் பனையின் முன்னால் நிறுத்திச் சொன்னேன்: "லே, நாங்க இல்லாதப்போ இது பாத்துக்கிட்டே இருக்கும். நீ என்ன செஞ்சாலும் சாயங்காலம் எங்கிட்டச் சொல்லிரும், கேட்டியா?" ஒரு பிள்ளையை அடக்க அது போதும் என்று நினைத்தேன். இரண்டு வருடம் தினமும் ஒன்றே முக்கால் மணி நேரம், பேசாமல் உன்னையே பார்த்து நிற்கும் ஒன்றோடு உன்னை அடைத்துவைத்தேன் என்பது எனக்கு அப்போது உறைக்கவே இல்லை.

முதலில் நீ அதற்குப் பயந்தாய். கொஞ்ச நாளில் பயம் போய், அதனோடு பேச ஆரம்பித்தாய். நாங்கள் வந்து கதவைத் திறப்பதற்கு முன் உன் குரல் கேட்கும். யாருக்கோ பதில் சொல்வதுபோல விட்டுவிட்டுப் பேசுவாய். நாங்கள் உள்ளே வந்தால் நிறுத்திவிடுவாய். ஜன்னல் ஒரு பக்கம் இருக்க, பனை வாசல் பக்கமாகச் சாய்ந்து வளர்வதை நீதான் முதலில் காட்டினாய். "அது வாசலப் பாக்குதுப்பா. ஆரு வாறான்னு." நான் அந்தச் சாய்வை அளந்து பார்த்தேன். ஜன்னலுக்கு வெளியே அடுத்த வீட்டுச் சுவர். மாடிப்படி வெண்டிலேட்டரிலிருந்து வாசல் வழியாக வரும் வெளிச்சம் அதைவிட அதிகம். செடி வெளிச்சத்துக்குச் சாய்கிறது என்று உனக்கு விளக்கினேன். நீ தலையாட்டினாய். அதே வாரம், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது உன் அம்மாவிடம் கேட்டாய்: "நீ இன்னிக்கு பஸ்ல அழுதியாம்மா? பனை சொல்லிச்சு." அவள் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. பிறகு சிரித்து, கண்ணில் தூசி விழுந்தது என்றாள். நீ கை கழுவப் போனதும் என்னிடம், "நீங்க ஏதும் அவன்ட்ட சொன்னேளா?" என்றாள். அவள் பஸ்ஸில் அழுததே எனக்குத் தெரியாது. ஏன் அழுதாய் என்றும் நான் கேட்கவில்லை.

உனக்கு ஒன்பது வயதில் பள்ளிக்கூடத்தில் பொன்முடி மலைக்கு அழைத்துப் போனார்கள். விடிவதற்கு முன் நான்தான் கொண்டுபோய் பஸ் ஏற்றினேன். மாலை ஆறரைக்கு நானே வந்து கூட்டிக்கொண்டேன். இடையில் நீ வீட்டுக்கு வரவில்லை. இதை நான் இருபத்தைந்து வருடமாகத் திரும்பத் திரும்பச் சரிபார்த்துவிட்டேன். ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து என் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டு வந்தாய். பழவங்காடி பக்கம் கூட்டத்தில் வண்டி நின்றபோது, "அப்பா, அம்மா எந்திச்சுட்டாளா?" என்று கேட்டாய். எங்கிருந்து எழுந்திருக்க என்றேன். "ஹாலில கெடந்தால்லா. பனையப் பிடிச்சா, அதும் சேந்து குனிஞ்சுட்டு. ஒரு காலில செருப்பு இருந்துது." எப்போது பார்த்தாய் என்று கேட்டேன். "மலையில சோறு தின்னும்போ." பஸ்ஸில் தூங்கி ஏதோ கனவு கண்டிருப்பாய் என்று நினைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினேன்.

வீட்டில் உன் அம்மா அடுப்படியில் நின்று தோசை சுட்டுக்கொண்டிருந்தாள். தலை வாரி, பொட்டு வைத்து, எப்போதும்போல இருந்தாள். ஹாலில் பனையின் தண்டு நடுவில் மடங்கி, உச்சி தரையைத் தொட்டுக்கொண்டு கிடந்தது. எனக்கு அப்போது எல்லாம் விளங்கிவிட்டதாகத் தோன்றியது. விடிகாலை இருட்டில் கிளம்பும் அவசரத்தில் நீ ஒடித்திருக்கிறாய், நான்தான் கவனிக்கவில்லை. அடி வாங்காமல் தப்பிக்க, வழியிலேயே ஒரு கதையைத் தயார் செய்திருக்கிறாய், அதுவும் பெற்றவள் விழுந்து கிடந்தாள் என்று. "பொய் சொல்லுதியா? அம்மையப் பத்திச் சொல்லுத பொய்யாலே இது?" என்று கேட்டேன். "நான் ஒடிக்கலப்பா. அம்மாட்டக் கேளுங்கோ" என்றாய். நான் அவளைப் பார்த்தேன். அவள் தோசையைத் திருப்பிப் போட்டாள். "விடுங்கோ. செடிதானே, போட்டும்" என்றாள். வரைபட ஸ்கேலால் உன் காலில் மூன்று அடி அடித்தேன். நீ அழவில்லை. அடி விழ விழ அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாய். அவள் திரும்பவே இல்லை.

அதற்கு ஏழு வாரம் கழித்து அவள் கடைத்தெருவில் விழுந்தாள். ஆஸ்பத்திரியில், இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிப்போயிருக்கிறது, முதல் தடவை மயங்கி விழுந்தபோதே வந்திருந்தால் ஆபரேஷன் செய்து பார்த்திருக்கலாம் என்றார்கள். முதல் தடவையா, இதுதானே முதல் தடவை என்றேன். அவளே சொன்னாள் என்றார் டாக்டர். அவள் பதினோரு நாள் இருந்தாள். நான்காம் நாள் மத்தியானம், கொஞ்சம் தெளிவாக இருந்தபோது என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள். "அவன் பொன்முடி போனாம்லா, அன்னிக்கு அரை நாள் லீவு போட்டுட்டு வந்தேன். மாடி ஏறி வந்ததும் கண்ண இருட்டிட்டு வந்துது. ஒரு செருப்பக் கழட்டினேன், மத்தது கழட்டுததுக்குள்ள விழுந்துட்டேன். அந்தச் செடியத்தான் பிடிச்சேன். எவ்வளவு நேரம் கெடந்தேனோ தெரியாது." கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னாள்: "அவன அடிச்சேளே, அப்பமும் நான் வாயத் தொறக்கல. சொன்னா நீங்க என்ன சொல்லுவேள்னு தெரியும்." அது உண்மைதான். அதற்கு முந்தின வருடம் அவளுக்கு டைபாய்டு வந்தபோது, உடம்புக்கு முடியவில்லை என்றால் வேலையை விட்டுவிட்டு வீட்டில் இரு என்று சொல்லியிருந்தேன். ஒரு தடவை சொல்லி நிறுத்தவில்லை. ராஜினாமாக் கடிதத்தை என் கையாலேயே எழுதி அவள் பையில் வைத்தேன். அந்த வேலை அவளுக்கு எவ்வளவு பெரிது என்று எனக்குத் தெரியும், தெரிந்தேதான் வைத்தேன். அதனால்தான் அவள் மறைத்தாள். கடைசியாகக் கேட்டாள்: "அவன் பொய் சொல்லலன்னு அவன்ட்ட ஒருதரம் சொல்லிருங்கோ."

நான் சொல்லவில்லை. சடங்கெல்லாம் முடியட்டும் என்று நினைத்தேன். பிறகு நீ கொஞ்சம் வளரட்டும் என்று நினைத்தேன். வெட்கம் ஒரு காரணம்தான். அதைவிடப் பெரிய காரணம், சொன்னால் அடுத்தபடியாக நான் உன்னிடம் ஒன்று கேட்டாக வேண்டும். அவள் காலில் இருந்த அந்த ஒற்றைச் செருப்பு உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்க வேண்டும். மடங்கிய தண்டைப் பார்த்து நீ ஊகித்தாய் என்று வைத்துக்கொள்ள எவ்வளவோ முயன்றேன். ஆனால் நீ பழவங்காடியில் வைத்துச் சொன்னாய், தண்டைப் பார்ப்பதற்கு முன்பே சொன்னாய். அதைக் கேட்கப் பயந்து, உன் அம்மா கேட்டுக்கொண்டதையும் செய்யாமல் விட்டுவிட்டேன். ஆகவே இப்போது எழுதுகிறேன். நீ பொய் சொல்லவில்லை. ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அன்றைக்கு ஸ்கூட்டரைத் திருப்பி நேரே ஆஸ்பத்திரிக்கு அவளை அழைத்துப் போயிருக்க வேண்டியவன் நான்.

மடங்கிய இடத்தில் மூங்கில் பத்தை வைத்து, ஈரத்துணி சுற்றி நான் கட்டியிருந்தேன். அவள் போய் ஒரு மாதம் கழித்து, அது பட்டுப்போயிருக்கும், தூக்கி எறிந்துவிடலாம் என்று கட்டை அவிழ்த்தேன். துணி எளிதில் வரவில்லை. உள்ளிருந்து வெள்ளையாக, மொட்டை மொட்டையாக ஐந்தாறு வேர்கள் புறப்பட்டுத் துணியைத் துளைத்து வெளியே வந்திருந்தன. சரியாக ஒரு கை பிடிக்கும் உயரத்தில், விரல்நுனிகள் மாதிரி. நர்சரிக்காரரிடம் கேட்டேன். இந்த இனம் அப்படித்தான், தண்டில் காயம் பட்டு ஈரமும் இருந்தால் அங்கே வேர் விடும் என்றார். இருக்கலாம், செடியைப் பற்றி எனக்கு என்ன தெரியும். அதற்கப்புறம் தூக்கி எறிய மனம் வரவில்லை. திரும்பக் கட்டிவிட்டேன். இன்றும் அந்த இடம் முடிச்சு மாதிரி இருக்கிறது, வேர்கள் பழுப்பாகிக் காய்ந்து அப்படியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. நீயோ அம்மா போன நாளிலிருந்து அதனோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. வீட்டுப்பாடம் எழுதும்போது அதற்கு முதுகைக் காட்டி உட்காருவாய். காலேஜ் படித்து வேலைக்குப் போன பிறகும், லீவுக்கு வந்தால் உள்ளறையிலேயே இருப்பாய், ஹாலைக் கடக்கும்போது சுவரோரமாகப் போவாய். நான் கவனித்துக்கொண்டுதான் இருந்தேன்.

தனியாக அதனோடு இருந்து எனக்குப் பழகிவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். ஃபேன் ஓடினால் ஓலை சுவரில் உரசும், பட்டுச்சேலை கட்டி யாரோ நடப்பதுபோலக் கேட்கும். தொட்டியை மாதம் ஒருமுறை கால் வட்டம் திருப்பிவைப்பேன். பத்தே நாளில் அது மறுபடி வாசலைப் பார்த்துவிடும். கூரியர்காரர் ஒருவர் கையெழுத்து வாங்கும்போது என் தோளுக்குப் பின்னால் பார்த்து மரியாதையாகத் தலையசைத்துவிட்டுப் போனார். வேலைக்கு வரும் சரசம்மா போன ஓணத்துக்குப் பிறகு ஹாலைத் துடைப்பதை நிறுத்திவிட்டாள். ஏன் என்று கேட்டதற்கு, தப்பாக நினைத்துவிடுவேனோ என்று தயங்கி, "சாரே, ஒண்ணும் தோணருது. அவிட ஒரு ஸ்த்ரீ நிக்குந்ந போலெ. பேடியாணு" என்றாள். அங்கே பெண் யாரும் நிற்கவில்லை, பயப்படவும் வேண்டாம், செடிதான் என்று சொல்லி லைட்டைப் போட்டுக் காட்டினேன். செடி என்று தனக்கும் தெரியும், லைட் போடுவதற்கு முன்பு பார்த்ததைத்தான் சொல்கிறேன் என்றாள். அதற்கப்புறம் ஹாலை நானே துடைக்க ஆரம்பித்தேன்.

அப்படித்தான் போன மாதம் துடைத்துக்கொண்டிருந்தேன். மத்தியானம் ஒன்றேகால் இருக்கும். ஈரத்தரையில் கால் வழுக்கி இடது பக்கமாக விழுந்தேன். இடுப்பில் வலி பிடித்து, புரளக்கூட முடியவில்லை. கீழ்வீட்டில் ஆள் இல்லை. அரை மணி நேரம் அப்படியே கிடந்தேன். தரையில் கிடந்து பார்க்கும்போது பனை மிக உயரமாகத் தெரிந்தது, உச்சி என் பக்கம் வளைந்திருந்தது. எதையாவது பிடித்து எழுந்துவிடலாம் என்று கையை நீட்டினேன். கை எட்டும் தூரத்தில் அதன் தண்டு மட்டும்தான் இருந்தது. அப்போது, யாரையும் கூப்பிட மனமில்லாமல் சட்டைப்பையிலேயே விட்டிருந்த போன் அடித்தது. நீ வேலை நேரத்தில் கூப்பிடுகிறவன் இல்லை.

"அப்பா, எங்க இருக்கேள்?" என்றாய். வீட்டில்தான் என்றேன். "நிக்கேளா, உக்காந்திருக்கேளா?" என்று கேட்டாய். யாரும் யாரிடமும் இப்படிக் கேட்பதில்லை மக்கா. உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறேன் என்றேன். உன் ஆபீஸ் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, ஏதோ மறந்துபோன சின்ன விஷயத்தைச் சொல்வதுபோல, "அந்தப் பனையப் பிடிச்சுராதேங்கோ. அது தாங்காது. கதவு நிலையப் பிடிச்சுக்கோங்கோ" என்றாய். சரி என்றேன். நீ போனை வைத்தாய். என் கை அதுவரை தண்டிலேயே இருந்தது. எடுத்துவிட்டேன். முழங்கையால் ஊர்ந்து, கதவு நிலையைப் பிடித்து எழுந்து உட்கார எனக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. அதற்கப்புறம் நாம் எத்தனையோ முறை பேசிவிட்டோம். நீயும் அதைப் பற்றிக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நீ புனேயை விட்டு வர முடிவு செய்தது அந்த வாரம்தான் என்று மீரா பேச்சோடு பேச்சாகச் சொன்னாள்.

சாவியைக் கீழ்வீட்டில் கொடுத்துவிட்டு, நீங்கள் வருவதற்கு முன்பே நாகர்கோவிலில் உன் அத்தை வீட்டுக்குப் போய்விடுவதாகச் சொல்லியிருந்தேன் இல்லையா. அது அவளுக்குத் துணையாக இருப்பதற்கு இல்லை. அந்த ஹாலில் உன் எதிரில் உட்காரப் பயந்துதான் போக நினைத்தேன். இந்தக் கடிதத்தையும் மேசைமேல் வைத்துவிட்டுப் போவதாகத்தான் இருந்தேன். எழுத எழுத அது சரியில்லை என்று பட்டது. காலையில் அத்தையிடம் இப்போதைக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டேன். கடிதத்தைச் சரசம்மாவிடம் கொடுத்துத் தபாலில் போடச் சொல்கிறேன், கிளம்புவதற்கு முன் உன் கைக்கு வந்துவிடும். பனையை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்பதை நீ வந்து அதன் முன்னால் நின்று சொல். வேண்டாம் என்றால் நானே ஆள் பிடித்துக் கொண்டுபோகச் சொல்கிறேன். வைத்துக்கொண்டால், அது பார்த்துக்கொண்டிருக்கிறது என்று மட்டும் குட்டியிடம் யாரும் சொல்லக் கூடாது. ஒருவேளை அவளாகவே ஏதாவது வந்து சொன்னால், சிரிக்காதே, அதட்டாதே. கையில் இருக்கும் வேலையை அப்படியே போட்டுவிட்டு, அவள் யாரைப் பற்றிச் சொன்னாளோ அவர்களைப் போய்ப் பார்.

உனக்கு எப்படித் தெரிகிறது என்று நான் கேட்கப்போவதில்லை. நீயாகச் சொன்னால் கேட்டுக்கொள்வேன், எவ்வளவு நேரமானாலும் கேட்டுக்கொள்வேன். தம்பானூரில் வண்டி எத்தனை மணிக்கு வரும் என்று மீராவிடம் சொல்லி எனக்கு ஒரு மெசேஜ் அனுப்பச் சொல். அந்த நேரத்துக்குச் சோறு வடித்து வைத்திருப்பேன். ஆனால் ஸ்டேஷனுக்கு வர என்னால் முடியாது. விழுந்ததிலிருந்து இடது காலை ஊன்ற முடியவில்லை, சுவரைப் பிடித்துத்தான் நடக்கிறேன். டாக்டரிடம் இன்னும் போகவில்லை. நீ வந்து கூட்டிக்கொண்டு போ.

அப்பா